லேசர் முகமும் கடுகு வாசமும்

ஹட்டனில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடைக்குச் சில பெண்கள் புடவை வாங்கும் எண்ணமே இல்லாமல் வருகிறார்கள். இரண்டு சாரிகளைப் பிரிக்கச் சொல்வார்கள். நான் மடித்து வைப்பதற்குள் மேசைப் பக்கம் குனிந்து, "அக்கா, நீங்கதானே மொகத்துக்கு லேசர் அடிச்சது? வலிக்குமா?" என்று கேட்பார்கள். பிரித்த சாரியை வாங்காமல் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இந்தப் பெண்களிடம் மட்டும் வருவதில்லை. அவர்கள் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு பேசும் விதம் எனக்குப் பழக்கமானது.

வலிக்கும், ஆனால் தாங்கலாம் என்பேன். ஊசி குத்துவது போலவும் தாளிக்கும்போது எண்ணெய் தெறிப்பது போலவும் இருக்கும் என்பேன். செய்த மறுநாள் கண்ணாடி பார்த்துப் பயந்துவிடாதே, முகம் பன் மாதிரி வீங்கும் என்பேன். சிலர் முந்திய படமும் பிந்திய படமும் கேட்பார்கள். பிந்திய படம் ஒன்று என் போனில் இருக்கிறது, ஒரு விசேஷத்தில் எடுத்தது. முந்திய படம் கிடையாது. அந்த முகத்தோடு நான் எந்தப் படத்திலும் நின்றதில்லை. கோயில் திருவிழாவோ கல்யாண வீடோ, எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, "குடுங்க, நான் எடுக்கிறேன்" என்று போனை வாங்கிக்கொள்கிறவள் நான்தான். என்னைப் போல நன்றாகப் படம் எடுப்பவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இல்லை என்று பெயரே உண்டு.

பதினான்கு வயதில் வந்த பருக்கள் போகும்போது குழிகளை விட்டுவிட்டுப் போயின. அதை மறைக்க, பெயர் எழுதாத வெள்ளை டப்பாவில் விற்ற கிரீமைப் பல வருடம் பூசினேன். அது தன் பங்குக்குக் கறுப்புத் திட்டுகளைத் தந்தது. ஒரு நாள் கடைக்கு வந்த சின்னப் பெண் ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, இந்த ஆன்ட்டி மொகத்துல ஏன் அம்மி கொத்தியிருக்கு?" என்று கேட்டது. தாய்க்காரி அதன் தொடையைக் கிள்ளினாள். நான்தான் கிள்ளாதீங்க என்று தடுத்து, சிரித்து, டொபி ஒன்றும் கொடுத்தேன். பிறகு பின்னால் சரக்கறைக்குப் போய், ஒரு பாவமும் செய்யாத அட்டைப் பெட்டியை உதைத்தேன்.

அதைப் பார்த்தவர் முதலாளியின் மனைவி. கண்டியில் ஒரு தோல் டாக்டரிடம் தன் கைத் தழும்புக்கு லேசர் செய்திருந்த அவர், தம் சட்டைக் கையைச் சுருட்டி எனக்குக் காட்டினார். "முழுசாப் போகல்ல. ஆனா இப்ப நான் கைய மறைக்கிறதில்ல. நீங்க போய்ட்டு வாங்க, பத்து நாளு கடைய நான் பாத்துக்கிறேன்" என்றார். இத்தனை வருடத்தில் யாரும் என் முகத்தைப் பற்றி என்னிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. அதற்கே நான் அவருக்குக் கடமைப்பட்டவள்.

டாக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. அவருடைய தமிழும் என்னுடைய கடைச் சிங்களமும் சேர்ந்து ஒரு மாதிரியாகப் பேசிக்கொண்டோம். முதலில் அந்த வெள்ளை டப்பாவை நிறுத்தச் சொன்னார். சில வாரம் கழித்து வரச்சொல்லி, காதுக்குக் கீழே கொஞ்சம் இடத்தில் மட்டும் செய்து பார்த்தார். நம்முடைய நிறத்துக்கு லேசர் பட்டால் சில பேருக்குக் கறுத்துவிடும், அவசரப்படக் கூடாது என்றார். "பள்ளம் ஆழம் கொஞ்சம் குறையும். ஒரு தடவை போதாது. கண்ணாடி மாதிரி முகம் வேணும்னா என்கிட்ட வர வேணாம்" என்றும் சொல்லிவிட்டார். விற்கிற இடத்தில் இருப்பவள் நான். விற்க மறுக்கிறவரை நம்பலாம் என்று எனக்குத் தெரியும்.

செய்த அன்று முகம் முழுக்க மரத்துப்போகும் கிரீமைப் பூசி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கண்ணுக்கு மூடி போட்டார்கள். பிறகு டிக் டிக் என்று ஒரு சத்தம், சூடு, முடி பொசுங்குகிற வாடை. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். கொதித்து ஆறிய தண்ணீரால் மெல்லக் கழுவ வேண்டும். தந்த களிம்பைத் தவிர மஞ்சள், சந்தனம், இலை, சாறு எதுவும் முகத்தில் படக் கூடாது, பட்டால் கறுத்துவிடும். கையால் தொடக் கூடாது, உரியும் தோலைக் கிள்ளக் கூடாது. பத்து நாளைக்கு வெயிலும் அடுப்பு வெக்கையும் புகையும் ஆகாது. டாக்டர் கடைசி இரண்டு வரியின் கீழே பேனாவால் கோடு போட்டார்.

நான் இருப்பது டிக்கோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு அறை வீடுகள், காம்பரா என்போம், கடைசிக் காம்பரா என்னுடையது. பெற்றவர்கள் போன பிறகு தனியாக இருக்கிறேன். காம்பராக்களுக்கு நடுவே சுவர் உண்டு, ஆனால் அது கூரையைத் தொடாது. அடுத்த வீட்டில் என்ன குழம்பு, என்ன சண்டை என்பதெல்லாம் சுவருக்கு மேலாகவே வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் முகத்துக்கு லேசர் செய்யப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? நாற்பதை நெருங்குகிற வயதில் இவளுக்கு என்ன மினுக்கு என்பார்கள். கண்டிக்குக் கடைச் சரக்கு எடுக்கப் போகிறேன் என்று அடுத்த காம்பரா அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை பின்னேரம், மாஸ்க் போட்டு, தலையையும் சேர்த்துச் சால்வையால் மூடிக்கொண்டு திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிறவர். மலையில் நின்று கூப்பிட்டால் கீழே ரோட்டில் பஸ் நிற்கும் என்று கேலி செய்வோம், அவ்வளவு குரல். அவருடைய மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம், முதல் பிள்ளை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வளைகாப்பு வைத்திருந்தார். கட்டும் சாரியையும் கைக்கு வளையலையும் ஹட்டனில் தேடி எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

செவ்வாய் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் அக்கா என் கதவைத் தட்டினார். நான் மறந்துபோய்த் திறந்துவிட்டேன். கண் இரண்டும் வீங்கி, முகம் நெருப்பாகச் சிவந்து, வரிசை வரிசையாகப் புள்ளிகள். அக்கா பின்னால் இரண்டடி வைத்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு கையையும் கூப்பி, "ஆத்தா... தாயே... வந்துட்டியாம்மா" என்றார்.

அவர் என்னைக் கும்பிடவில்லை, என் முகத்தில் வந்திருக்கிற அம்மனைக் கும்பிடுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மை போட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார். இல்லை அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் வேறு என்ன என்று கேட்பாரே. வாயை மூடிக்கொண்டேன். "பேசாத புள்ள. போயி படு. நான் பாத்துக்கிறேன்" என்று கதவைத் தானே சாத்திவிட்டுப் போனார்.

எங்கள் குளிரில் வேப்பமரம் வளராது. வேப்பிலை கீழ்நாட்டிலிருந்து வந்தால்தான் உண்டு. அன்று வேலை முடிந்ததும் அக்கா பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், கோயில் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கி வந்து என் வாசலில் கட்டினார். மாலையில் நான் படுத்திருந்தபோது ஏதோ ஒன்று குறைவதாக இருந்தது. விளக்குப் போட்டார்கள், பாத்திரச் சத்தம் கேட்டது, குழந்தைகள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆனால் கடுகு வெடிக்கவில்லை. வெங்காயம் வதங்கும் வாசமில்லை, கருவாடு பொரியும் வாசமில்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எங்களுக்குக் கூரை ஒன்று என்பதால், பன்னிரண்டு காம்பராவிலும் அன்று தாளிக்கவில்லை.

வாசலில் காலை மாலை மோரும் கூழும் வந்தன. எங்கிருந்தோ ஓர் இளநீர்கூட வந்தது. பையன்கள் என் வாசல் பக்கம் பந்து விளையாடவில்லை. கோழிக் குழம்பில்லாமல் ஒரு நாள் இருக்க முடியாத மூன்றாவது காம்பரா அண்ணன் பருப்பும் சோறும் சாப்பிட்டார். மெல்லிய வேட்டித் துணி ஒன்றைத் துவைத்து, தலையணைக்கு விரிக்கச் சொல்லி யாரோ வைத்திருந்தார்கள். நான் டாக்டரின் தாளை எடுத்துப் பார்த்தேன். புகை ஆகாது, வெக்கை ஆகாது, வெளியே போகக் கூடாது, தொடக் கூடாது, சொறியக் கூடாது. அம்மைக்கு எங்கள் லயம் வைத்திருக்கும் சட்டமும் லேசருக்கு டாக்டர் போட்ட சட்டமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. கண்டியில் பெரிய ஹோட்டலில் அறை எடுத்து இருந்தாலும் இப்படி ஒரு பராமரிப்புக் கிடைத்திருக்காது. இதில் என்ன தப்பு, யாருக்கு என்ன நட்டம் என்று என் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புதன்கிழமை வீக்கம் இறங்கியது. புள்ளிகள் கறுத்து, முகத்தில் தேயிலைத் தூளைத் தூவிவிட்டது போல ஆனது. வெள்ளிக்கிழமை மூக்கின் ஓரத்தில் உரியத் தொடங்கி, அடியில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல் தெரிந்தது. அன்று மாலைதான் சுவருக்கு மேலாக அக்கா போனில் பேசுவது கேட்டது. மெதுவாகப் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அழுவாத புள்ள. வயித்துப் புள்ளையோட இந்தக் கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது. வளைகாப்ப ஒம்பதாம் மாசம் வச்சுக்கலாம். அம்மா வீட்டுலயே இரு."

மருமகளைக் கந்தப்பளையில் இருக்கும் அவள் தாய் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமையே அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. அந்தக் குளிரில், ஏழு மாத வயிற்றோடு, அந்த வளைந்த ரோட்டில், இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறாள். என் கன்னத்துக் குழிக்காக. யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டேனே, பதில் சுவருக்கு மேலாக வந்துவிட்டது.

உடனே எழுந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை. கடையில் யார் முகத்துக்கு நேராகவும் எதையும் சொல்லிவிடுகிற நான், பக்கத்துக் காம்பராவுக்குப் போக முடியாமல் இரண்டு நாள் களிம்பைப் பூசிக்கொண்டு படுத்திருந்தேன். இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏழாம் நாள். அக்கா தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு வந்து நின்றார். பின்னால் லயத்துப் பெண்கள் மூன்று பேர். ஒரு பெரிய வாளியில் வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். பித்தளைத் தட்டில் அரைத்த வேப்பிலையும் மஞ்சளும், உருண்டையாக.

"ஆத்தா எறங்கிட்டா புள்ள, மொகம் தெளிஞ்சிருச்சி. வா, பூசித் தண்ணி ஊத்திருவோம்."

என் பார்வை அந்த மஞ்சள் உருண்டையிலேயே நின்றது. பூசினால் கறுத்துவிடும் என்று தாளில் இருக்கிறது. இவ்வளவும் பட்டு வாங்கிய புதுத் தோல் போய்விடும். முகத்தில் மட்டும் வேண்டாம், எரிகிறது என்று சொல்லித் தப்பிக்க இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அக்கா தட்டை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டு, "நீ எடுத்துக் குடுத்த வளையலு பெட்டியில பத்தரமா இருக்கு. ஒனக்கு மூணு தண்ணி ஊத்துன பெறகு கோயில்ல கேட்டுட்டு அவளக் கூட்டியாரலாம். நீ அதையெல்லாம் நெனச்சி மனச ஒழப்பிக்காத" என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிறார்.

"அக்கா, இது அம்மை இல்ல" என்றேன்.

"ஐயையோ, அப்பிடிச் சொல்லாத! கன்னத்துல போட்டுக்க புள்ள, கன்னத்துல போட்டுக்க!"

பழக்கத்தில் கை இரண்டும் கன்னத்துக்குப் போயின. தொடக் கூடாது என்பது நினைவுக்கு வந்து பாதியில் நின்றன. அப்படியே கையைக் காற்றில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கண்டி, டாக்டர், லேசர். களிம்பைக் காட்டினேன், தாளைக் காட்டினேன், எது எது பத்து நாளைக்கு ஆகாது என்று வாசித்தும் காட்டினேன். பின்னால் நின்ற ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அக்காவைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

அக்கா தட்டைத் தரையில் வைத்தார். "ஊருக்கே வாய் பேசுறவ. இதுக்கு மட்டும் வாய் இல்லாமப் போச்சா ஒனக்கு?"

"வெக்கமா இருந்திச்சி அக்கா."

"வெக்கமா? புள்ளத்தாச்சிய பஸ்ஸுல ஏத்தி அனுப்புனேனே, நெஞ்சு கெடந்து அடிச்சிக்கிச்சே எனக்கு. ஆத்தாவுக்குப் பொங்க வைக்கிறேன்னு நேந்துகிட்டேன் ஒனக்காக." குரல் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. ரோட்டில் பஸ் நின்றிருக்கும். "என்னத்துக்குடி மொகத்தச் சுட்டுக்கிட்ட?"

வேறு எதுவும் வாயில் வரவில்லை. உண்மைதான் வந்தது. "எல்லாரும் போட்டோவுல நிக்கிறப்ப நானும் நிக்கணும் போல இருந்திச்சி அக்கா."

அக்கா வாளியைத் தூக்கித் தண்ணீரை வேலியோரத்துச் சௌசௌக் கொடியில் கொட்டினார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார், மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலாகப் போன் பேச்சு கேட்டது. "கெளம்பி வந்துரு புள்ள. அம்மையும் இல்ல ஒண்ணும் இல்ல. வா, சொல்றேன்." பின்னேர பஸ்ஸில் மருமகள் வந்து இறங்கியதைக் கதவிடுக்கால் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்து வந்தாள்.

அன்று மாலை நான் கடுகுச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். இனி யாருக்குப் பயந்து தாளிக்காமல் இருக்க வேண்டும்? மூன்றாவது காம்பரா அண்ணன் இன்று பழி தீர்க்கிற மாதிரி கருவாடு பொரிப்பார், பொரிக்கட்டும், அந்தப் புகை எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். விளக்குப் போட்டார்கள். பாத்திரச் சத்தம் கேட்டது. குழந்தைகளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஒரு காம்பராவிலும் கடுகு வெடிக்கவில்லை. என் பொய்க்காக லயமே அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு விரதம் இருக்கிறதோ என்று பயந்தேன்.

கதவு தட்டும் சத்தம். அக்காதான். கையில் கிண்ணம், அதில் தாளிக்காத பருப்பு, வெளிறிப்போய். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"ஏன் அக்கா இன்னும் தாளிக்கல? அதான் அம்மை இல்லன்னு சொல்லிட்டேனே."

"நீதானே வாசிச்ச, பத்து நாளைக்குப் பொக ஆகாதுன்னு. இன்னிக்கு ஏழுதானே ஆவுது?" கிண்ணத்தை என் கையில் திணித்தார். "எல்லாக் காம்பராவுக்கும் சொல்லிட்டேன். பதினோராம் நாளு நான் தாளிக்கிற தாளிப்புல நீ தும்மிக்கிட்டே ஹட்டன் வரைக்கும் ஓடணும். வெள்ளிக்கெழம வளைகாப்பு. போட்டோவுல நிக்கணும்னியே, வந்து நில்லு. வேற எவளாச்சும் போன் புடிக்கட்டும்."

போய்விட்டார். கிண்ணத்தை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். கண்ணீர் புதுத் தோலில் பட்டுச் சுரீரென்று எரிந்தது. டாக்டரின் தாளில் அழக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, அதனால் நன்றாகவே அழுதேன்.